ரோபோ பொம்மைகளுக்கு வீட்டிலேயே ஒரு பணிமனை செட்: அளவும் அட்டையும் பசையும்

கேள்வி இது: எட்டு வயதுப் பையனிடம் பத்துப் பன்னிரண்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளும் (மடக்கினால் வண்டியாக மாறும் ரோபோக்கள்) இரண்டு கன்டாம் கிட்களும் (பாகங்களைப் பொருத்திச் செய்யும் ஜப்பானிய ரோபோ மாதிரிகள்) சேர்ந்துவிட்டன. அவை நிற்கவும், சண்டை போடவும், அடிபட்டால் ரிப்பேருக்கு வரவும் ஒரு தளம் வேண்டும். கடையில் விற்கும் பெரிய பிளேசெட் விலை கட்டுப்படியாகவில்லை. அட்டையிலோ தெர்மாகோலிலோ வீட்டில் செய்தால் தாங்குமா? எவ்வளவு ஆகும்?

தாங்கும். சன் போர்டு (விளம்பரப் பலகை செய்யும் இலேசான பிளாஸ்டிக் பலகை), பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மற்றதில் பெரும்பாலானவை வீட்டுக் குப்பையிலேயே கிடைக்கும். ஆனால் பசையையும் கத்தியையும் எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அந்த ரோபோ எத்தனை மீட்டர் உயரம்? பலரும் இதைக் கேட்டுக்கொள்ளாமல் சுவரைக் கட்டி, சாம்பல் நிறம் அடித்து, பொம்மையை நிறுத்திப் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் வைத்த பொம்மையாகத்தான் தெரிகிறது. என்ன குறை என்று புரியாமல் மேலும் பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்டில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் மனிதன் நுழையும் கதவு ஒன்று, கைப்பிடி வைத்த படிக்கட்டு ஒன்று இருந்தால்தான் கண்ணுக்கு உயரம் பிடிபடும்.

இந்தப் பொம்மைகளின் பூர்விகத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 1984-ல் அமெரிக்க பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்கத் தொடங்கியவை பெரும்பாலும் ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே செய்துவந்த இரண்டு வரிசைகளிலிருந்து வந்தவை. டயாக்ளோன் கார்கள் 1/60 அளவு, அதாவது நிஜக் காரில் அறுபதில் ஒரு பங்கு. உள்ளே உட்கார 3 செ.மீ. உயரத்தில் காலில் காந்தம் வைத்த குட்டி ஓட்டுநர்கள் இருந்தார்கள். மைக்ரோ சேஞ்ச் வரிசையோ நிஜப் பொருளின் அளவிலேயே கேசட், துப்பாக்கி என்று வந்தது. இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தபோது கார் ரோபோவும் கேசட் பிளேயர் ரோபோவும் தோளோடு தோள் நின்றன. ஓட்டுநர்கள் காணாமல் போனார்கள். ஆனால் அந்தப் பழைய கார் பொம்மைகளைத் திறந்தால் ஓட்டுநருக்கான இருக்கை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் பொம்மைகளுக்குள் அளவு பொருந்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தளத்துக்கு ஓர் அளவு இருந்தால் போதும்.

நான் சொல்வது 1/50. காரணம் இரண்டு. இப்போது கடைகளில் வரும் டீலக்ஸ் வகை பொம்மை சுமார் 14 செ.மீ., வாயேஜர் வகை 17, 18 செ.மீ. ஐம்பதால் பெருக்கினால் 7 முதல் 9 மீட்டர் வரும். இரண்டு மூன்று மாடி உயரம், கதைக்கும் ஒத்துப்போகிறது. இரண்டாவது, கட்டடக்கலை மாணவர்கள் பொருள் வாங்கும் ஸ்டேஷனரி கடைகளில் 1/50 அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் மனிதர்கள் பாக்கெட்டில் கிடைப்பார்கள். இந்த அளவில் மனிதன் 3.4 செ.மீ., கதவு 4.2 செ.மீ., படிக்கட்டுக் கைப்பிடி 2.2 செ.மீ., ஒரு படியின் உயரம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 3 மி.மீ. சன் போர்டைப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 5 மி.மீ. உள்ளே தள்ளி அடுக்கினால் அளவெடுத்துச் செய்ததுபோலப் படிக்கட்டு வந்துவிடும். இருபது நிமிட வேலை. செட்டின் தோற்றத்தையே அது மாற்றிவிடும்.

கன்டாம் கிட்கள் வேறு கணக்கு. கதையில் 18 மீட்டர் உயரமான அந்த ரோபோ 1/144 கிட்டில் 12.5 செ.மீ.தான். அங்கே மனிதன் 1.2 செ.மீ., கதவு 1.5 செ.மீ. உங்கள் 4.2 செ.மீ. கதவின் பக்கத்தில் அதை நிறுத்தினால் 18 மீட்டர் ராட்சதன் 6 மீட்டருக்குச் சுருங்கிவிடுவான். இதற்காக இரண்டு செட் செய்ய வேண்டாம். பின்சுவரைக் கழற்றிச் செருகும்படி வையுங்கள். ஒரு பக்கம் 1/50 கதவும் பால்கனியும், மறுபக்கம் 1/144-ல் பொடிப்பொடி ஜன்னல்கள், அடுக்கடுக்கான நடைபாதைகள். திருப்பிப் போட்டால் வேறு உலகம்.

கொலு பார்க் போட்டுப் பழகிய வீடு என்றால் மணலும் கண்ணாடிக் குளமும் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கொலுவில் பார்க்கில் நிற்கும் மனிதனைவிடச் செட்டியார் பொம்மை பத்து மடங்கு பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. இங்கே அது உறுத்தும்.

சரி, அமைப்பு. ஒரே பெரிய பெட்டியாகச் செய்யாதீர்கள். 30 செ.மீ. நீளம், அகலம், உயரம் கொண்ட மூன்று தொகுதிகளாகச் செய்து பக்கவாட்டில் சேருங்கள். 18 செ.மீ. பொம்மை கையில் வாளைத் தூக்கினால் 25 செ.மீ.யைத் தொடும், அதற்கு இடம் இருக்கிறது. ஆழம் 30 செ.மீ.க்கு மேல் போனால் பையனின் கை பின்சுவர்வரை போகும் வழியில் முன்னால் நிற்கும் நான்கைத் தள்ளிவிடும். முன்பக்கமும் மேல்பக்கமும் முழுக்கத் திறந்திருக்கட்டும். கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் டயோராமாவுக்கும் விளையாடும் செட்டுக்கும் உள்ள வித்தியாசமே இந்தத் திறப்புதான். கூரை வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் நான்கைந்து குறுக்கு உத்திரங்கள் மட்டும் போடுங்கள். கிரேனைத் தொங்கவிட அவை எப்படியும் தேவைப்படும். தொகுதிகளைச் சிறு போல்ட்டு, சிறகு நட்டு வைத்து இணைத்தால் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம்.

எந்தப் பொருள் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அடித்தளத்துக்கு 6 மி.மீ. ப்ளைவுட் அல்லது எம்.டி.எஃப்., சுவருக்கு 5 மி.மீ. சன் போர்டு, நுணுக்க வேலைக்கு 3 மி.மீ. சன் போர்டு. முழுத் தகடு வாங்காதீர்கள். ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் போர்டு செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டால் சொற்ப விலைக்குத் தருவார்கள். கட்டர் கத்தியால் ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள், விளிம்பு சுத்தமாக வரும். கத்தி உங்கள் கையில், பென்சில் பையன் கையில்.

அட்டைப்பெட்டியிலும் செய்யலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த கனத்த பெட்டியாக இருக்கட்டும். அட்டைக்குள் அலையலையாக ஓடும் வரி சுவரில் நின்ற வாக்கில் இருக்க வேண்டும், தளத்தில் ஒரு தாங்கியிலிருந்து எதிர்த் தாங்கிக்கு ஓட வேண்டும். இரண்டு அட்டைகளை வரி ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி ஒட்டினால் பலகைபோல் விறைக்கும். ஒரு பக்கம் மட்டும் பெயின்டோ ஃபெவிகாலோ பூசினால் காயும்போது அந்தப் பக்கமாக வளையும். இரண்டு பக்கமும் பூசுங்கள், மழைக்காலத்து ஈரத்துக்கும் அதுவே காப்பு. செலவு மிச்சம் என்று மைதாப் பசை காய்ச்ச வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். பைண்டிங் கடையில் போடுவதுபோல அதில் மயில்துத்தம் கலக்கலாமே என்றால், அது விஷம். குழந்தை கைவைக்கும் பொருளில் கூடவே கூடாது.

தெர்மாகோலை நான் பாறைக்கும் மலைக்கும் மட்டும், அதுவும் உள்ளே நிரப்பும் பொருளாகத்தான் வைப்பேன். நாலு நாள் விளையாடினால் மணி மணியாக உதிரும். அதைவிடப் பெரிய தொல்லை, பல திரவங்கள் அதைக் கரைத்துவிடும். ஃபெவிகுவிக், ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட், எனாமல் எல்லாமே அதைக் குழியாக்கும். ஒட்ட வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான். மேலே செய்தித்தாளைக் கிழித்து நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, காய்ந்தபின் என்ன பெயின்ட் வேண்டுமானாலும் அடிக்கலாம். சன் போர்டில் இது தலைகீழ்: ஃபெவிகுவிக் நன்றாகப் பிடிக்கும், வெள்ளை ஃபெவிகால் உரிந்து வரும். சூடான கம்பியால் தெர்மாகோலை அறுப்பவர்கள் சன் போர்டையும் அப்படி அறுக்க முயல வேண்டாம். அது பி.வி.சி., சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தெர்மாகோலையும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

இனி, பொம்மை நிற்குமா என்ற கேள்வி. ரோபோக்கள் விழும். காலைச் சற்று மடக்கினாலே விழும். இதற்கு யோகோஹாமாவில் ஒரு நல்ல விடை இருந்தது. 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை அங்கே துறைமுகத்தில் 18 மீட்டர் உயர கன்டாம் ஒன்று கை கால் அசைத்துக்கொண்டிருந்தது. அது சொந்தக் காலில் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரிய தாங்கி அதன் இடுப்பைப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி ஒரு டாக் (ரோபோவை நிறுத்திப் பராமரிக்கும் கோபுரம்), மேலே ரோபோவின் முகத்துக்கு நேராக மக்கள் நின்று பார்க்கும் நடைபாதை. படங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் பணிமனைக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. கற்பனையில் வரும் தளங்களைப் பார்த்து வரைவதைவிட, நிஜமாகக் கட்டிய இந்த டாக்கைப் பார்த்தால் ஏணி எங்கே, தடுப்புக் கம்பி எங்கே, விளக்கு எங்கே என்று தெரிந்துவிடும்.

அந்த இடுப்புத் தாங்கியை நாமும் செய்யலாம். அண்மை வருடங்களில் வரும் பல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் ஆயுதம் செருகும் துளைகள் 5 மி.மீ. அளவில் இருக்கும். கையில், தோளில், முதுகில், சிலவற்றில் உள்ளங்காலிலும். 5 மி.மீ. வட்ட மரக்குச்சி வாங்கி, பின்சுவரிலிருந்து 6 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்துங்கள். முதுகுத் துளையில் செருகினால் ரோபோ ரிப்பேருக்குத் தொங்கும். தளத்தில் 1 செ.மீ. உயரத்துக்கு நட்டால் கால் பிடிக்கும். சுவரில் 5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டால் அதுவே ஆயுத அலமாரி. குச்சி இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். பலமாகத் திணித்தால் பொம்மையின் பிளாஸ்டிக் விரிசல் விடும். கன்டாம் கிட்டுக்குத் துளை அளவு வேறு, அதற்கு இடுப்பைக் கவ்வும் ‘யு’ வடிவத் துண்டு ஒன்று சன் போர்டில் போதும்.

அசைகிற பாகங்களில்தான் பையன் மணிக்கணக்காகக் கிடப்பான், அதனால் இங்கே நேரம் செலவிடுவது வீண்போகாது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் சிரிஞ்ச் வைத்து ஜே.சி.பி. செய்வார்களே, அதே வித்தைதான். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, நடுவில் மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் டியூப் ஒரு முழம். நீலம் கலந்த தண்ணீரை நிரப்புங்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அது அமுங்கி, இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தயங்கும். முழு வாளி தண்ணீருக்குள் இரண்டையும் மூழ்கவைத்து இணைப்பதுதான் சுலபம். ஒரு சிரிஞ்சைத் தள்ளினால் மற்றது 5 செ.மீ.க்கு மேல் நீளும். அதை ஒரு சாய்தளத்தின் கீழே, கீலிலிருந்து கால் பங்கு தூரத்தில் முட்டுக்கொடுத்தால் தளத்தின் நுனி அதைப்போல நான்கு மடங்கு உயரும். பதிலுக்கு நான்கு மடங்கு விசை கேட்கும். நுனியில் 200 கிராம் பொம்மை நின்றால் சிரிஞ்ச் 800 கிராமைத் தூக்க வேண்டும், கட்டைவிரலுக்கு அது பெரிய விஷயமில்லை. தண்டு ஒட்டிக்கொண்டு நகரத் தயங்கினால் ஒரு சொட்டு கிளிசரின் விடுங்கள். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

கிரேனுக்குத் தையல் நூல் தீர்ந்த கண்டு, அச்சாகப் பழைய பேனா, கொக்கியாக ஜெம் கிளிப். கைவிட்டால் கண்டு தானே சுழன்று பொம்மை தடாலென்று இறங்கும். அச்சில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு வளையத்தை இறுக்கமாக மாட்டினால் அந்த உராய்வே பிரேக். கார் உருவத்தில் ஓட்டி ஏற்றும் சாய்தளம் 15, 20 பாகைக்கு மேல் போகக் கூடாது. தாழ்வான வண்டிகளின் அடிவயிறு மேல் விளிம்பில் இடிக்கும். காந்தம் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அந்தப் பொடிசான, பலமான காந்தங்கள் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும்.

அதே எச்சரிக்கை பட்டன் பேட்டரிக்கும். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஆகவே விளக்குக்குப் பழைய மொபைல் சார்ஜர் போதும். 5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் தனியாக 100 ஓம் ரெசிஸ்டர், எல்லாவற்றையும் பக்க இணைப்பில். ஒன்றுக்குச் சுமார் 19 மில்லிஆம்பியர் ஓடும், அது பாதுகாப்பான அளவு. பவர் பேங்கில் மாட்டினால் சில நிமிடங்களில் அணைந்துபோவதைப் பார்த்து உங்கள் வயரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தை, போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல பவர் பேங்குகள் தானே நிறுத்திக்கொள்ளும். விளக்கை மேலிருந்து பொதுவாக அடிக்காமல், கதவின் மேல் ஒன்று, நடைபாதைக்கு அடியில் ஒன்று என்று மனிதன் மாட்டும் இடத்தில் மாட்டுங்கள். ரோபோவின் முகத்தில் கீழிருந்து வெளிச்சம் விழும்போது அது வளர்ந்துவிடும்.

சுவரில் ஒட்டும் சில்லறைச் சாமான்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. 1970-களில் ஹாலிவுட்டில் விண்கல மாதிரிகள் செய்தவர்கள் டாங்கி, போர்விமான பிளாஸ்டிக் கிட்களை வாங்கி, அவற்றின் உதிரிகளைத்தான் கலத்தின் மேல் ஒட்டினார்கள். நமக்கு அடுக்களையே போதும். டூத்பேஸ்ட் மூடி, ஸ்கெட்ச் பேனாவின் உடல், ஸ்ட்ரா, கேபிள் டை, தீர்ந்த ரீஃபில். கொசுவலைத் துண்டு நடைபாதையின் கிராதித் தளமாகும். காலி மாத்திரை அட்டையின் குமிழ்கள் எல்.இ.டி.க்கு மூடி. ஒட்டும்போது சுவர் முழுக்க ஒரே அடர்த்தியில் நிரப்பாதீர்கள். ஒரு மூலையில் குழாய்களும் பெட்டிகளும் நெருக்கமாக இருக்கட்டும், நடுவில் வெறும் சுவர் இருக்கட்டும், ரோபோ நிற்பது அங்கேதான். பழைய ரேடியோ, ரிமோட்டின் சர்க்யூட் பலகை அழகாக இருக்கும் என்று ஆசை வரும். பழைய சால்டரில் ஈயம் உண்டு, பையன் தொடும் இடத்தில் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு மொத்தத்துக்கும் ஒரே சாம்பல் பூச்சு கொடுங்கள். அதுவரை மூடியாகவும் ஸ்ட்ராவாகவும் தெரிந்தவை அப்போதுதான் இயந்திரமாகும். வாட்டர் பேஸ் அக்ரிலிக்கே போதும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது, டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு கறுப்பில் பழுப்புக் கலந்து தண்ணீராக நீர்த்து இடுக்குகளில் ஓடவிட்டு, மேலே துணியால் துடையுங்கள். காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் சாம்பல் எடுத்து விளிம்புகளை மட்டும் உரசுங்கள். மஞ்சள் கறுப்பு எச்சரிக்கைப் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக ஒட்டி அடியுங்கள். இங்கேயும் அளவு நினைவிருக்கட்டும்: 1/50-ல் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் 5 செ.மீ. அகலம். துருவும் கீறலும் கொட்டோ கொட்டென்று கொட்டிய செட் பொம்மையாகவே தெரிவது இதனால்தான். ஸ்பாஞ்சின் நுனியால் பொடியாகத் தொட்டால் போதும். ரோபோவின் கால் உரசும் இடம், குழாய் ஒழுகும் இடம், கதவுக்கு முன்னால். மற்ற இடம் சுத்தமாக இருக்கட்டும்.

மேலே மேட் வார்னிஷ் அடித்து ஒரு வாரம் நன்றாகக் காயவிடுங்கள். அதற்குப் பிறகும் ரப்பர்போல் மென்மையான பி.வி.சி. டயர் உள்ள பொம்மைகளை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிறுத்தாதீர்கள். மென்மையான பி.வி.சி.யிலிருந்து கசியும் பொருள் பெயின்டையும் தெர்மாகோலையும் இளக்கி, டயரின் அச்சை அப்படியே பதித்துவிடும். பொம்மையிலும் கறை ஒட்டும். நிறுத்தும் இடத்தில் ஒரு துண்டு அலுமினியத் தாள் ஒட்டிவிட்டால் அது தளத்தகடு மாதிரியும் இருக்கும்.

வரிசை மட்டும் ஒன்று மாற்றிச் செய்யுங்கள். பெயின்டுக்கு முன், சில்லறைச் சாமான் ஒட்டுவதற்கும் முன், வெறும் சன் போர்டாக இருக்கும்போதே ஒரு வாரம் பையனிடம் விட்டுவிடுங்கள். எந்தத் தடுப்பு உடைகிறது, எந்த மூலையில் அவன் கை போவதே இல்லை, நீங்கள் சண்டைக்களம் என்று விட்ட இடத்தை அவன் பார்க்கிங் ஆக்கியிருக்கிறானா என்பதெல்லாம் தெரிந்துவிடும். உடைந்ததை 5 மி.மீ. சன் போர்டில் மறுபடி செய்யுங்கள், கை போகாத மூலையில் உங்கள் நுணுக்க வேலைகளை வையுங்கள். படிக்கட்டும் கொசுவலை நடைபாதையும் அங்கேதான் பிழைக்கும்.